யாழினி கடித்த பட்டன்

இல்லை கண்ணு, மஞ்சள் தூள் இல்லை. நெய் இல்லை. நீ சந்தேகப்பட்ட பித்தளைச் சொம்பும் இல்லை. நிவேதாவிடம் சொல், அவளுடைய கண்மையும் இல்லை. அவையெல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் தூக்கிப் போடச் சொன்னதைத் தூக்கிப் போட்டது சரிதான். ஆனால் நாம் தேடியது அங்கே இல்லை.

அது பட்டன். தோளருகே இருக்கும், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சின்ன டிச் பட்டன். மின்ட் பச்சை.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். உன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழைக்க முடியவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது. உன் ஒருவனுக்காக மட்டும் இதை எழுதவில்லை; இந்த ஊரில் கைக்குழந்தை வைத்திருக்கிற யார் கையிலும் இது கிடைக்கட்டும் என்று நினைக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

என் பேத்தி யாழினிக்கு எட்டு மாதம். அவள் வெளிறிப்போகிறாள், பால் குடிக்க மறுக்கிறாள், காரணமில்லாமல் அழுகிறாள் என்று பெங்களூரில் டாக்டரிடம் காட்டினீர்கள். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அன்று மாலை நீ கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா பக்கத்தில் இருந்தார்.

“அம்மா, பாப்பா ரத்தத்துல லெட் இருக்குதாமுங்க.”

“லெட்டுன்னா என்ன சாமி?” என்று அப்பா கேட்டார்.

“ஈயமுங்கப்பா.”

“பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதா? அதெப்படி ரத்தத்துக்குள்ள போகும்?”

“அது வெள்ளீயமுங்க. இது காரீயம். வாய் வழியா எதோ போயிருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. ஊட்ல என்னென்ன இருக்குதுன்னு ஒண்ணு விடாம பாக்கச் சொல்லீட்டாரு.”

நான் எதுவும் கேட்கவில்லை. நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியாத சொல் அது. எனக்குத் தெரியும். துணி ஆர்டர் தரும் வெளிநாட்டு பையர் கேட்பதைக் கம்பெனிக்கும் கம்பெனி சொல்வதை பையருக்கும் சொல்லி ஆர்டரைக் கப்பலேற்றுவது என் வேலை. குழந்தைத் துணி ஆர்டர் எதுவாக இருந்தாலும் ஈயம், காட்மியம், நிக்கல் எல்லாம் சோதித்துப் பாஸ் ஆகாமல் இங்கிருந்து நகராது. அந்தச் சொல்லோடு ஆண்டுக்கணக்காகப் புழங்குகிறவள் நான். ஆனால் அன்று அதை முதல்முறை கேட்பதுபோல இருந்தது. ஒரே சொல் இரண்டு இடங்களில். இரண்டுக்கும் நடுவில் என் மூளையில் ஒரு சுவர்.

அதற்குப் பிறகு நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. “நிவேதா பாப்பாவுக்கு மை வெச்சு உடறாளா? கடை மையா?” என்று கேட்டேன். உனக்குப் பின்னாலிருந்து நிவேதாவின் குரல் வந்தது. “உங்க மஞ்சத்தூளும் கடையில வாங்குனதுதானுங்க அத்தை.”

அப்பா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது நியாயம். ஒரு குழந்தையின் ரத்தத்துக்குள் எதுவோ போயிருக்கிறது. நாங்கள் இருவரும் ஒருவர் டப்பாவை ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நீ அந்த வீடியோவை அனுப்பினாய். மருந்து குடித்த பிறகு கொஞ்சம் சிரிக்கிறாள் அம்மா, பாருங்க என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். பாயில் உட்கார்ந்திருக்கிறாள். தலையைச் சாய்த்து, தோளில் இருக்கும் பட்டனை வாயில் இழுத்துக்கொள்கிறாள். ஈறு அரிக்கிற வயது. விடாமல் சப்புகிறாள். நீ கேமராவுக்குப் பின்னாலிருந்து “என்ன கண்ணு, அம்மாயி குடுத்த சட்டையவே திங்கறியா?” என்கிறாய். நிவேதா திருத்துகிறாள்: “அம்மாயி எங்கம்மா. இவங்க அப்பாயி.” நீ சிரிக்கிறாய்.

அந்தச் சிரிப்போடு வீடியோ நின்றுவிட்டது. கடைசிக் காட்சியில் பட்டன் தெரிந்தது. ஈரமாக இருந்தது. ஓரத்தில் பச்சை உரிந்து உள்ளே உலோகம் தெரிந்தது.

எனக்கு அந்தப் பச்சை தெரியும். அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்தவர்களோடு பேசியவள் நான். துணியின் நிறத்தோடு பட்டன் நிறம் ஒத்துப்போகவில்லை என்று முதல் மாதிரியைத் திருப்பி அனுப்பியவள் நான். இன்னும் கொஞ்சம் மங்கலான பச்சை, குழந்தைக்கு இதமாக இருக்கும் பச்சை என்று பட்டன்காரரிடம் விளக்கியவள். அவர் அவசரத்துக்கு எங்கேயோ வண்ணம் ஏற்றிக் கொண்டுவந்தார். நிறம் அச்சாக ஒத்துப்போயிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி. தைத்து முடித்த பிறகு டெஸ்ட்டில் ஃபெயில்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மேனேஜர் அறையில் நின்றிருந்தோம். “என்னங்க ஃபெயிலு?” என்று கேட்டேன். “லெட்டுதானுங்க. பட்டன் மேல இருக்கற பெயிண்டுல கூடிப்போச்சு.” என் வாயில் அடுத்து வந்த சொற்கள்: “ஐயோ, கப்பல் போயிருமேங்க.” அவ்வளவுதான். வேறு பட்டன் தருவித்தோம். புதிதாக வெட்டி, புதிதாகத் தைத்து, ராப்பகலாக வேலை பார்த்து அனுப்பினோம். அந்த அறையில் அத்தனை பேர் இருந்தோம். குழந்தை என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் மாதக் கணக்கில் அளவு எழுதியிருந்தது. ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம், ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். யார் போடப்போகிறார்கள் என்று துணியே சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய பட்டனோடு நின்றுபோன சட்டைகள் பெட்டிகளில் கிடந்தன. நல்ல துணி. கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் மென்மை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஊரில் கைக்குழந்தைக்கு யாரும் ஜவுளிக்கடையில் துணி வாங்குவதில்லை. யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் எந்தக் கம்பெனியில் யார் வேலை செய்கிறார்களோ அங்கிருந்து ஒரு மூட்டை வரும். எக்ஸ்போர்ட் மிச்சம். ஒன்றில் தையல் கோணியிருக்கும். ஒன்றில் ஒரு கை நீளமாக இருக்கும். ஒன்றில் ஏன் திருப்பினார்கள் என்றே கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாததுதான் உயர்ந்த மூட்டை. அதைக் கொண்டுவருகிறவளுக்கு மரியாதை. “வெளிநாட்டுக்காரன் பிள்ளை போடறதுங்க” என்று சொல்லிக் கொடுப்போம்.

நிவேதாவுக்கு வளைகாப்பு முடிந்ததுமே நான் அந்தப் பெட்டிகளிலிருந்து பொறுக்கத் தொடங்கிவிட்டேன். அழுக்கில்லாதவை, கறையில்லாதவை. துவைத்து நிழலில் உலர்த்தினேன். பட்டன் தோலில் உறுத்துமா என்று என் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன். உறுத்தவில்லை. ஃபெயில் என்பது எனக்குத் தெரியும். மறந்துபோயிருந்தேன் என்று சொன்னால் பொய். அது அந்த நாட்டுச் சட்டத்தில் ஃபெயில் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். அப்படி ஓர் எண்ணம் கேள்வியாக எழவே இல்லை. எனக்கு ஃபெயில் என்றால் கப்பல், தேதி, பையர் முகம். குழந்தையின் வாய் அந்த வரிசையில் எங்கேயும் கிடையாது.

எங்களுக்கு விஷம் என்றால் நொய்யல் ஆறு, கண்ணு. பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோம். சாயத் தண்ணீர் கலந்த கிணற்றை எட்டிப்பார்த்துச் சொல்லிவிடுவோம், இது ஆகாது என்று. நாற்றம் இருந்தது, நிறம் இருந்தது, நுரை இருந்தது. விஷத்தை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் என்று எங்களுக்கு ஒரு கர்வமே இருந்தது. இது நாறவில்லை. துவைத்த துணியின் வாசனைதான் வந்தது.

அலமாரியில் இன்னும் ஒரு சட்டை மிச்சமிருந்தது. அடுத்த அளவு, அவளுக்கு ஒரு வயது நெருங்கும்போது கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். சாம்பிள்களை லேப்புக்கு எடுத்துப் போகும் தம்பியிடம் காட்டி, இந்தப் பட்டனை டெஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். அவன் திருப்பிப் பார்த்தான். “ஏனுங்கக்கா, இது அந்த லாட்டுதானுங்களே. ஃபெயிலானதுக்கு மறுக்கா எதுக்குங்க டெஸ்ட்டு? அரியர் எழுதறீங்களா?” என்று சிரித்தான். நான் நின்ற நிலையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மேனேஜரிடம் போனேன்.

“ஏனுங்க, அந்த மின்ட் பச்சை லாட்டு, மிச்ச பீஸெல்லாம் எங்கீங்க?”

“அது அப்பவே போயிருச்சுங்களே. மிச்சத் துணி யாவாரிங்க கிலோக் கணக்குல எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“பட்டனப் பிச்சுட்டுக் குடுத்தமுங்களா?”

“பட்டனில்லாத சட்டைய யாருங்க எடுப்பா?” சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, ஆறுதல் சொல்வது போல, “அட, அது அந்த ஊர் சட்டத்துக்குத்தானுங்க ஃபெயிலு. நம்மூருக்கு என்னங்க?” என்றார்.

அவர் சொன்னது என் வாக்கியம். மூட்டை கட்டும்போது என் கைகள் சொன்னது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதற்கு உருவம் வந்தது.

நீ பதிவு செய்து அனுப்பிய டாக்டரின் பேச்சை மறுபடி மறுபடி கேட்டேன். உலோகம் குழந்தையின் உடம்பில் பெரியவர்களுக்குச் சேருவதைவிட அதிகமாகச் சேரும் என்கிறார். மூளை வளர்கிற வயது என்கிறார். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவு கிடையாது என்கிறார். எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பெண் குழந்தையாக இருந்தால் அவள் கருவுறும் காலத்தில் எலும்பிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு வரலாம் என்கிறார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். யாழினி வளர்ந்து, அவள் வயிற்றில் ஒரு பிள்ளை. அதுவரைக்கும் என் பட்டன் போகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீயும் மூட்டைத் துணி போட்டு வளர்ந்தவன்தான். உன் பழைய படத்தில் நெஞ்சில் பெரிய எழுத்துகளோடு ஒரு மேல்சட்டை இருக்கும், நினைவிருக்கிறதா, எந்த மொழி என்று ஒருவருக்கும் தெரியாது. அதன் ஜிப்பின் முனையை நீ கடித்துக்கொண்டே இருப்பாய். சிவப்பாக இருந்தது. நீ கடித்துக் கடித்து வெள்ளையாயிற்று. “பையன் பல்லு பட்டறையாட்டம் வேலை செய்யுது” என்று உன் அப்புச்சி, என் அப்பா, கேலி செய்வார். அந்தச் சிவப்பு எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அதை யாரும் சோதித்ததாகவும் நினைவில்லை.

சின்ன வயதில் உனக்கு வெகுநாள் பேச்சு வரவில்லை. பள்ளியில் ஓரிடத்தில் உட்காரமாட்டாய். கணக்கு வரவில்லை என்று டியூஷன் மாற்றி டியூஷன் அனுப்பினேன். கோபம் வந்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்வாய். எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தோம். செல்லம் என்றார்கள். அப்பா மாதிரி என்றார்கள். இப்போது அந்த ஜிப் முனை கண்ணுக்குள் வந்து நிற்கிறது. அதுதான் என்று சொல்லவில்லை. எத்தனையோ குழந்தைகள் தாமதமாகப் பேசுகிறார்கள், துறுதுறுவென்று இருக்கிறார்கள். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இனி எந்த டாக்டராலும் எனக்குச் சொல்ல முடியாது. என்னை உறைந்து உட்கார வைப்பது அதுதான். தெரிந்துகொள்ள இருந்த வழி அடைபட்டுப் பல வருடமாகிவிட்டது. யாழினிக்கு அப்படி இல்லை. அவளுக்கு வழி இன்னும் திறந்திருக்கிறது.

ஆகவே சொல்வதைக் கேள். மூட்டையை முழுதாக எடுத்துவிடு. பச்சையை மட்டுமல்ல, நான் அனுப்பிய எல்லாவற்றையும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடாதே. நல்ல துணியாயிற்றே என்று நிவேதாவுக்கு மனம் வராது. எனக்கும் வராது. பட்டனை நசுக்காதே, பெயிண்ட் உதிரும்; துணியை யாரும் எடுத்து உடுத்த முடியாதபடி வெட்டிப் போடு. அவள் தவழும் தரையைக் கூட்டாதே, ஈரத்துணியால் துடை. சாப்பிடும் முன் அவள் கையைக் கழுவு. வயிறு காலியாக இருந்தால் இந்த உலோகம் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்ளுமாம். இரும்பும் கால்சியமும் போதுமான அளவு உள்ளே இருந்தால் குறைவாகச் சேருமாம். உள்ளே போனதைக் கேழ்வரகுக் கூழ் வெளியே எடுத்துவிடாது. அப்படி யாராவது கைமருந்து சொன்னால் கேட்காதே. டாக்டர் சொன்ன நாளில் மறுபடி ரத்தம் பாருங்கள். குறைந்திருந்தாலும் அதற்கடுத்த முறையும் பாருங்கள். நிவேதா என்னிடம் பேசவில்லை என்றால் பரவாயில்லை. அவளை வற்புறுத்தாதே. நான் கொண்டுவரும் எதையும் இனி அவள் சந்தேகத்தோடு பார்த்தால், அது நல்ல பழக்கம்.

நேற்று ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தெருவில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, செக்கிங் வேலைக்குப் போகிற பெண். அவளுக்கும் மகன் ஆண்டோ பிறந்தபோது அதே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தேன். கிளம்பும்போது அப்பா தடுத்தார். “குழந்தைக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்கறதா? என்ன நெனைப்பாங்க?” என்றார். நம் பக்கம் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அவள் பக்கமும் கிடையாது போலிருக்கிறது.

“என்னக்கா, பேத்திக்கி உடுப்பு பத்தலையோ? குடுத்தத கேட்டு வந்திருக்கிய?” ஸ்டெல்லா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கண்ணில் சிரிப்பில்லை. “பிள்ளைக்கிக் குடுத்தத வாங்கிட்டுப் போனா அந்தப் பிள்ளைக்கி ஆகாதுன்னு எங்கூர்ல சொல்லுவாவ.”

“இத வெச்சிருந்தாத்தான் ஆகாது ஸ்டெல்லா” என்றேன். யாழினியைப் பற்றிச் சொன்னேன். ஆண்டோ அவள் இடுப்பில் இருந்தான். மஞ்சள் பனியன். பட்டன் இல்லை. பிறகு கொடியைப் பார்த்தேன். பச்சைச் சட்டை கிளிப் போட்டுத் தொங்கியது. நிறைய முறை துவைத்த சட்டை. தோளில் ஒரு பட்டனில் பச்சையே இல்லை.

“அப்பம் பட்டன மட்டும் வெட்டி எறிஞ்சிருதேன். துணி நல்லாத்தான இருக்கு?”

“வேண்டாம். புதுசு கொண்டாந்திருக்கறேன், இந்தா.”

“இதுல என்ன இருக்கோ!” என்றாள். வாங்கிக்கொள்ளவில்லை. ஆண்டோவை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “ஏங்க்கா, நீங்கதான இந்த ஆர்டர் பாத்தது? உங்களுக்கு அப்பமே தெரியாதா?”

தெரியும் என்றேன்.

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஆண்டோவின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள், அங்கே ஏதோ தெரியும் என்பது போல. “எங்க போய் ரத்தம் பாக்கணும்?” என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை லீவு சொல்லிவிட்டு அவர்களோடு போனேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நாளாகும். ஸ்டெல்லா என்னோடு திரும்பி வரவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. மிச்சத் துணி விற்கும் கடைகள் இருக்கிற தெருவுக்குப் போனேன். நான்கைந்து கடைகள் தாண்டியதும், வாசலில், கம்பியில், அதே பச்சை. வரிசையாக. ஓர் இளம்பெண் தோளில் தூங்கும் குழந்தையின் முதுகில் ஒரு சட்டையை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். “வேண்டாம் கண்ணு, அத எடுக்காதே” என்றேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஏனுங்க, யாருங்க நீங்க? காலங்காத்தால யாவாரத்தக் கெடுக்கறீங்க?” என்று கடைக்காரர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

நான் என் பெயரைச் சொன்னேன். கம்பெனியையும் என் வேலையையும் சொன்னேன். இந்தச் சட்டை எதற்காக ஃபெயில் ஆயிற்று என்பதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.